கேள்வி – பதில்: கடைசி வரிசைக்கும் கேட்ட குரல்

போன இதழில் ஒரு வாசகர், "பழைய படங்களில் அவ்வையாராக வருகிற பாட்டியம்மா யார்?" என்று கேட்டிருந்தார். "கே.பி.சுந்தராம்பாள், கொடுமுடிக்காரர், பெரிய பாடகி" என்று மூன்று துண்டு வார்த்தையில் பதில் எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்துவிட்டு எனக்கே மனசு கேட்கவில்லை. அந்த அம்மாளைப் பற்றி மூன்று வார்த்தையில் எழுதியது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதனால் இந்த இதழின் பக்கம் முழுக்க அவருக்குத்தான். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ரயிலில் பாடிப் பிச்சை எடுத்தார் என்கிறார்களே, அப்படியா? – வாசகி, கரூர்

ஆமாம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. 1908இல் காவிரிக் கரையில் கொடுமுடியில் பிறந்தவர். அம்மா பாலாம்பாள், கூட ஒரு தம்பி, ஒரு தங்கை. அப்பாவின் துணை இல்லாத வீடு, வறுமை என்றால் அடுப்பு எரியாத வறுமை. கொடுமுடி வழியாகப் போகிற ரயிலில் ஏறி அந்தச் சின்னப் பெண் பாடும், கிடைத்த காசில் வீட்டில் உலை வைப்பார்கள். அப்படிப் பாடிக்கொண்டிருந்த குரல் ஒரு நாள் நடேசய்யர் காதில் விழுந்தது. எஃப்.ஜி.நடேசய்யர் ரயில்வே அதிகாரி, அதோடு நாடகப் பித்துப் பிடித்தவர், திருச்சி ரசிக ரஞ்சன சபாவை ஆரம்பித்தவர். அவர் மூலமாகத்தான் சுந்தராம்பாள் வேலு நாயர் நாடகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது ஒன்பது, பத்து இருக்கும்.

முதலில் கிடைத்தது பாலபார்ட், அதாவது குழந்தை வேஷம். 'நல்லதங்காள்' நாடகம். பஞ்சத்தில் ஏழு குழந்தைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போகிறவள் கதை, நம் எல்லோருக்கும் தெரியும். அதில் அம்மாவைப் பார்த்து வயிறு பசிக்கிறது என்று பாடுகிற குழந்தையாக இவர். அந்தப் பாட்டில்தான் ஊர் இவரைக் கவனித்தது. போன வருஷம் வரை நிஜமாகவே பசித்த குழந்தை மேடையில் நின்று அதைப் பாடியிருக்கிறது, கேட்டவர்கள் அழுததில் என்ன ஆச்சரியம்!

மைக் இல்லாத காலத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு எப்படிக் கேட்டது? 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் என்ன? – கல்லூரி மாணவர், மதுரை

நீங்கள் மதுரைக்காரர், உங்கள் ஊர்ப்பக்கம் இன்னமும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது, திருவிழா நேரத்தில் ஒரு ராத்திரி போய் உட்கார்ந்து பாருங்கள், நான் எழுதுவதைவிட நன்றாகப் புரியும். கம்பெனி நாடகத்தில் எல்லோரும் ஒரே கூரைக்கு அடியில் தங்கி, ஒத்திகை பார்த்து, ஊர் ஊராகச் சேர்ந்தே போவார்கள். ஸ்பெஷல் அப்படி இல்லை. காண்டிராக்டர் ஒருவர் ராஜபார்ட்டை, அதாவது கதாநாயகனை, ஒரு ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை, அதாவது கதாநாயகியை, இன்னொரு ஊரிலிருந்தும் பபூனை வேறெங்கிருந்தோ கூப்பிடுவார், ஒத்திகை கிடையாது, சாயங்காலம் வந்து இறங்கி மேக்கப் போட்டுக்கொண்டு மேடை ஏற வேண்டியதுதான். கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். 'வள்ளி திருமணம்' என்றால் வள்ளியும் வேலனும் எதிரெதிரே நின்று பாட்டாலேயே தர்க்கம் பண்ண வேண்டும். எதிராளி என்ன பாடப்போகிறார் என்பது அந்த நிமிஷம் வரை தெரியாது. அவர் ஒரு பிடி பிடித்தால் நீங்கள் அதற்கு மேல் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கொட்டகையே சிரித்துவிடும்.

கொட்டகை என்றதும் இன்றைய அரங்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். தகரமோ கீற்றோ போட்ட பெரிய பந்தல், முன்னால் நாற்காலி, நடுவில் பெஞ்சு, பின்னால் தரை. அந்தத் தரை டிக்கெட்காரர் அரையணாவோ ஓரணாவோ சேர்த்துவைத்துக்கொண்டு பக்கத்துக் கிராமத்திலிருந்து வண்டி கட்டி வந்திருப்பார், அவருக்குப் பாட்டு கேட்கவில்லை என்றால் விடமாட்டார், கத்தித் தீர்த்துவிடுவார். மேடை ஓரத்தில் ஹார்மோனியம், மிருதங்கம். அந்த ஹார்மோனியத்துக்கு மேலே ஏறித்தான் குரல் தரைவரைக்கும் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து நடிகர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள். இன்று ஆண் பாடகர்கள் சாதாரணமாக ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார்கள். அன்றைய நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா பாடியது பெண்கள் பாடுகிற உயரமான சுருதியில். அவருக்கு ஈடு கொடுத்து எதிரே நின்றவர் சுந்தராம்பாள்.

வெறும் சத்தம் மட்டும் இருந்தால் போதாது. வார்த்தை போய்ச் சேர வேண்டும், கதையே பாட்டில்தானே நகர்கிறது. சுந்தராம்பாளின் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எவ்வளவு உயரத்தில் சஞ்சாரம் பண்ணினாலும் ழகரமும் றகரமும் தேய்வதே இல்லை. அது தரை டிக்கெட்காரருக்காகப் பழகிய பழக்கம். கடைசிவரை போகவில்லை.

கிட்டப்பாவும் அவரும் காதலித்துக் கல்யாணம் செய்தார்களா? ஏன் கடைசிவரை வெள்ளைப் புடவை? – வாசகி, திருநெல்வேலி. இதே கேள்வி யாழ்ப்பாணத்திலிருந்தும்

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருப்பது பொருத்தம்தான், ஏனென்றால் கதை ஆரம்பிப்பதே இலங்கையில். 1926 வாக்கில் சுந்தராம்பாள் அங்கே நாடகம் போட்டுப் பெரிய பெயர் வாங்கியிருந்தார். அந்த நேரத்தில் செங்கோட்டைக் கிட்டப்பாவும் அங்கே வருகிறார். அவருக்கு அப்போது இருபது வயது, ஆனால் அதற்குள் தமிழ்நாடே அவர் பாட்டுக்கு அடிமை. "அவரோடு சேர்ந்து மேடை ஏறினால் உன் பாட்டு எடுபடாது" என்று இவரைப் பயமுறுத்தினார்களாம். இவர் பயப்படவில்லை, ஏறினார், பாடினார். அன்றிலிருந்து அந்த ஜோடிக்கு இருந்த மவுசு தமிழ் நாடகத்தில் வேறு யாருக்கும் இருந்ததில்லை என்பேன். 1927இல் மாயவரத்தில் கோயிலில் வைத்துக் கல்யாணம்.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. சாதி வேறு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனஸ்தாபம் வந்தது, பிரிந்தார்கள், கடிதத்திலேயே சண்டை போட்டார்கள், கடிதத்திலேயே உருகினார்கள். அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சிலும் வந்தன, படித்தவர்களுக்குத் தெரியும், அதில் கோபமும் பிரியமும் ஒரே வரியில் இருக்கும். 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா போய்விட்டார். வயது 27. இவருக்கு 25.

அதற்கப்புறம் வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ருத்ராட்சம். எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு. 1980இல் கண்மூடும்வரை அதை மாற்றவில்லை.

இதைத் தியாகம், பதிபக்தி என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. 25 வயதுப் பெண், தொழிலோ கதாநாயகி வேஷம், அதில் ஜோடி கூடாது என்று முடிவெடுத்தால் தொழிலே போச்சு என்றுதான் யாரும் நினைப்பார்கள். இவர் அப்புறம் 40 வருஷம் நடித்தார். எந்தெந்த வேஷம் என்று பாருங்கள்: நந்தனார், மணிமேகலை, அவ்வையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். அத்தனையும் குடும்பத்தை விட்டு வெளியே வந்து தனியாக நிற்கிறவர்கள். பக்திப் படம் என்பதால் அந்த வேஷங்கள் கிடைத்தன என்று சொல்வது பாதிதான். மீதிப் பாதி, அவர் போட்ட கோட்டுக்குள் நிற்கக்கூடிய வேஷங்களைத் தேடிக்கொண்டு படக்காரர்கள் வந்தார்கள் என்பது.

'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் வாங்கினார் என்பது நம்புகிற மாதிரி இல்லையே? – வாசகர், கோயம்புத்தூர்

1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்துக்குத்தான் அந்தச் சம்பளம், சினிமா வரலாறு எழுதியவர்கள் எல்லோரும் குறித்துவைத்திருக்கும் தொகை. கிட்டப்பா போன துக்கத்தில் மேடையையே விட்டு ஒதுங்கியிருந்தார். படம் எடுக்க வந்தவர்களை எப்படியாவது திருப்பி அனுப்பிவிடலாம் என்று, யாரும் தரமாட்டார்கள் என்ற நினைப்பில் ஒரு லட்சம் கேட்டார், அவர்கள் சரி என்றுவிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. ஒரு சவரன் முப்பது ரூபாயைக்கூடத் தொடாத காலம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள், மூவாயிரம் சவரனுக்குக் குறையாது. தமிழில் பேசும் படம் வந்தே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, அதற்குள் ஒரு பெண் அந்தத் தொகையை வாங்கியிருக்கிறார்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் போட்ட வேஷம். நந்தனார் ஆண், பண்ணையில் வேலை செய்கிற தாழ்த்தப்பட்டவர், சிதம்பரம் போக வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நிற்கிறவர். அந்த வேஷத்தில் சுந்தராம்பாள், எதிரே வேதியராக யார் தெரியுமா? கர்நாடக சங்கீத உலகத்தில் அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ரயிலில் பாடிய பெண்ணும் சபா வித்வானும் ஒரே திரையில்.

அவர் அரசியலிலும் இருந்தாரா? – வாசகர், ஈரோடு

இருந்தார். கிட்டப்பா காலத்திலேயே கதர், காங்கிரஸ், தேசபக்திப் பாட்டு எல்லாம் உண்டு. காந்தியைப் பற்றி இவர் பாடிய இசைத்தட்டுகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தவை. 1937 தேர்தலில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியோடு மேடை மேடையாக ஏறிப் பாடினார். கூட்டம் பாட்டுக்கு வரும், அப்புறம் பேச்சுக்கும் உட்காரும். காந்தி கொடுமுடியில் இவர் வீட்டில் தங்கத் தட்டில் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று கேட்டு அதையும் நிதிக்கு வாங்கிப்போன கதையை உங்கள் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 1950களில் சென்னை மேலவை உறுப்பினரானார். திரைக்கலைஞர்களில் சட்டசபைப் படி ஏறிய முதல் ஆள் இவர்தான் என்பார்கள். நம் ஊரில் சினிமாவும் அரசியலும் பற்றிப் பேசுகிறவர்கள் நேராக 1967க்குப் போய்விடுகிறார்கள், முப்பது வருஷம் முன்னால் போக வேண்டும்.

'அவ்வையார்' படத்தில் நடித்தபோது நிஜமாகவே கிழவியா? – பள்ளி மாணவி, சேலம்

இல்லை கண்ணு. ஜெமினி வாசன் எடுத்த 'அவ்வையார்' 1953இல் வந்தது. அப்போது அவருக்கு 44 வயது. உங்கள் பள்ளிக்கூட டீச்சர்களில் பாதிப் பேருக்கு அந்த வயதிருக்கும். ஆனால் அந்தப் படத்துக்கு அப்புறம் தமிழ்நாட்டில் அவ்வை என்றால் அந்த முகம்தான் என்று ஆகிவிட்டது, 'திருவிளையாடல்', 'கந்தன் கருணை' இரண்டிலும் அவரே அவ்வை. புத்தகத்தில் அவ்வைக்குப் படம் போடுகிறவர்கள்கூட அவர் ஜாடையில்தான் வரைகிறார்கள், ஆத்திசூடி புத்தகத்தை எடுத்துப் பார்.

'பூம்புகார்' படத்தில் ஒரு வரியைப் பாடமாட்டேன் என்று சொன்னாராமே? – வாசகர், தஞ்சாவூர்

1964இல் வந்த படம், கலைஞர் மு.கருணாநிதியின் வசனம். இவர் தீவிர முருக பக்தை, காங்கிரஸ்காரர். அவர் பகுத்தறிவு இயக்கம், தி.மு.க. இப்படி இரண்டு பேர் ஒரு படத்தில் சேர்ந்ததே அழகு. கோவலன் கொலையானதும் கவுந்தியடிகள் பாடுகிற இடம். அரசனின் ஆணை அன்றே கொன்றுவிட்டது, 'நின்று கொல்லும் தெய்வம் எங்கே சென்றுவிட்டது' என்று எழுதியிருந்தார்கள். தெய்வம் எங்கே என்று என் வாயால் கேட்கமாட்டேன் என்று இவர் நின்றுவிட்டார். கலைஞர் கோபப்படவில்லை, 'நின்று கொல்லும் தெய்வம் இங்கே வந்துவிட்டது' என்று மாற்றிக் கொடுத்தார், பாடினார் என்று திரையுலகில் சொல்வார்கள்.

அந்த மாற்றத்தைக் கொஞ்சம் பாருங்கள். மாறியது இரண்டே சொல். சந்தம் துளிகூட உடையவில்லை. கதைப்படியும் பொருந்துகிறது, ஏனென்றால் அடுத்து கண்ணகி வரப்போகிறாள். அவரவர் கொள்கை அவரவரிடமே இருந்தது, பாட்டும் பிழைத்தது. அதே படத்தில் வருகிற 'வாழ்க்கை எனும் ஓடம்' பாட்டும் கலைஞர் எழுதியதுதான், அதை இன்றைக்கும் இழவு வீட்டில் போடுகிறார்கள்.

என் மகள் பாட்டு கற்றுக்கொள்கிறாள். கே.பி.எஸ். பாட்டு போட்டால் "ஏம்மா கத்துறாங்க" என்கிறாள். எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம்? – ஒரு தாய், சென்னை

மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் எனக்கே அப்படித்தான் இருக்கும். இன்றைய பாடகிகள் மைக்குக்கு நாலு விரல் தள்ளி நின்று, நம் காதோரம் பேசுகிற மாதிரி பாடுகிறார்கள், அது ஒரு அழகு. சுந்தராம்பாள் பாடியது நூறு அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு. நூறு அடிக்கு எறிந்த குரலைக் காதுக்குள் வைத்துக் கேட்டால் இடிக்காமல் என்ன செய்யும்?

எங்கள் ஊர் முருகன் கோயிலில் தைப்பூசத்துக்கு விடிகாலை நாலரைக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு போடுவார்கள். எங்கள் வீடு கோயிலிலிருந்து இரண்டு வயல் தள்ளி. மற்றவர்கள் பாடும்போது ராகம் மட்டும் பனியில் மிதந்து வரும், என்ன வார்த்தை என்று தெரியாது. கே.பி.எஸ். பாட்டு வந்ததும் ஒவ்வொரு எழுத்தாக வந்து வாசலில் நிற்கும். கோலம் போட்டுக்கொண்டிருக்கிற பாட்டி, கையில் மாவோடு அப்படியே உட்கார்ந்துவிடுவார். எனக்கு கே.பி.எஸ். அறிமுகமானது அப்படித்தான். அதனால் உங்களுக்கு என் யோசனை, ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஹாலின் ஒரு கோடியில் ஸ்பீக்கரை வைத்து, மகளை அடுத்த அறையில் உட்காரச் சொல்லுங்கள்.

பாட்டு? 'திருவிளையாடல்' படத்து 'பழம் நீயப்பா' போடுங்கள். 1965இல் வந்த படம், பாடும்போது அவருக்கு 56 வயது. கோபித்துக்கொண்டு மலையேறி நிற்கிற சின்ன முருகனைப் பார்த்து அவ்வை பாடுகிறாள். ஆரம்பத்தை மட்டும் மூன்று முறை கேட்கச் சொல்லுங்கள். முதலில் பழம் என்கிறார், அப்புறம் ஞானப்பழம், அப்புறம் தமிழ் ஞானப்பழம். ஒவ்வொரு தடவையும் ஒரு சொல் கூடுகிறது, குழந்தையைச் சமாதானப்படுத்த ஒவ்வொரு அடியாகக் கிட்டே போகிற மாதிரி. தாளத்தில் அவசரமே இல்லை. முடிகிற இடத்தில் 'அப்பா' என்கிறாரே, அங்கே குரல் கெஞ்சுகிறது, உச்சத்தில் இருந்துகொண்டே கெஞ்சுகிறது! பாட்டு படிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு 'அப்பா' போதும், ஒரு மாசம் சாதகம் பண்ணலாம்.

அதற்கு அடுத்து 'மகாகவி காளிதாஸ்' படத்து 'சென்று வா மகனே', அப்புறம் 1973 'காரைக்கால் அம்மையார்' படத்து 'தகதகதகவென ஆடவா'. கடைசியாகச் சொன்னதைப் பாடும்போது 64 வயது, சின்னப் பிள்ளைகள் அதற்கு இன்று மேடையில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கத்துகிறார் என்று மகள் அதைச் சொல்லமாட்டாள்.

தேசிய விருது வாங்கியிருக்கிறாரா? – வாசகர், புதுச்சேரி

'துணைவன்' படத்துப் பாட்டுக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி விருது. அதற்கு முந்தைய வருஷம் பி.சுசீலா வாங்கியிருந்தார், அடுத்து இவர், ஆக அந்த விருதில் முதல் இரண்டும் தமிழ்ப் பாட்டுக்கே வந்தன. 1970இல் பத்மஸ்ரீ. தமிழ் இசைச் சங்கம் இசைப்பேரறிஞர் பட்டம் கொடுத்தது. 'கொடுமுடி கோகிலம்' என்பது மட்டும் ஜனங்கள் கொடுத்தது.

கொடுமுடி போனால் அவர் ஞாபகமாகப் பார்க்க என்ன இருக்கிறது? – வாசகி, திண்டுக்கல்

சம்பாதித்ததை ஊரில்தான் கொண்டுவந்து போட்டார், ஒரு சினிமா தியேட்டரும் கட்டினார். கோயிலுக்குப் போகிறவர்கள் மகுடேசுவரரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே ஆற்றுக்கு இறங்கிவிடுவார்கள், நீங்கள் கொஞ்சம் ஊருக்குள்ளும் நடங்கள், டீக்கடையில் உட்கார்ந்து கே.பி.எஸ். அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், வயதானவர் யாராவது பேச ஆரம்பிப்பார். ஆனால் ஒன்று, பஸ்ஸில் போகாதீர்கள். கரூர் வந்து ஈரோடு போகிற பாசஞ்சர் ரயிலில் ஏறுங்கள், ஜன்னல் ஓரமாக இடம் பிடியுங்கள். அந்தக் குழந்தை பாடியது அந்தப் பாதையில்தான்.

(அடுத்த இதழில் வழக்கம்போல் எல்லாக் கேள்விகளும். கிட்டப்பா பாட்டு பற்றித் தனியாகக் கேட்டிருக்கும் ஆறு பேருக்கும் அதில் பதில் உண்டு.)